வண்டியின் காதில் விழாமல்

நாமக்கல்லில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் வாங்க முடியாது. 'வண்டி எப்போதாவது வழியில் நின்றிருக்கிறதா?' என்பதுதான் அது. தண்ணீர்த் தொட்டி, மின்கட்டணம், எதிர்வீட்டு நாய் என்று வேறு எதைக் கேட்டாலும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார். இந்தக் கேள்விக்கு மட்டும் முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார். அங்கே வேப்பமரத்தடியில் அவருடைய பழைய கார் நிற்கும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மெதுவாக் கேளு சாமி. அதுக்குக் காது இருக்குது."

அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். உறவெல்லாம் இல்லை. கைக்குழந்தையோடு நான் குடிவந்த அன்று, மாடிப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர், "பாத்து வா சாமி, மூணாவது படி கொஞ்சம் ஒசரம்" என்றார். "சரிங்க பெரியப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய மனைவி எனக்குப் பெரியம்மா ஆனதும் தானாக நடந்தது.

பெரியப்பா திருச்செங்கோட்டுப் பக்கம் லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டாம். லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் அதைக் குறைசொல்லக்கூடாது. டயர் வெடித்தால் 'செருப்பு மாத்தோணும்' என்பார்கள். என்ஜின் போய்விட்டால் 'ஒடம்பு சொகமில்லை' என்பார்கள். ஒருமுறை ஒரு டிரைவர் கோபத்தில் லாரியைச் 'சனியனே' என்று திட்டிவிட்டு, அதன் முன்னால் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாராம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பெரியப்பா ஜெர்மனிக்கு ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனார். பல வருடங்கள் அங்கேயே இருந்து, பையன்களைப் படிக்கவைத்து, வேலை ஓய்வுக்குப் பிறகு பெரியம்மாவோடு ஊர் திரும்பினார். போகும்போது கொண்டுபோன கட்டுப்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். என் கணவர் அப்போதுதான் ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிருந்தார். பாப்பா பிறந்து நான்கு மாதத்தில் போனவர். நானும் பாப்பாவும் பின்னால் போய்ச் சேர்வதாகப் பேச்சு. அங்கே போனதும் அவர் செய்த முதல் வேலை ஒரு பழைய கார் வாங்கியது. "நீங்க வந்ததும் மலையெல்லாம் தாண்டி இத்தாலிக்கே ஓட்டிட்டுப் போறோம்" என்று போனில் குதித்தார். எனக்கு மலை தெரியவில்லை. மலைக்குள் குடைந்த நீளமான சுரங்கப்பாதையும், அதன் நடுவில் நின்றுபோன காரும், பின் இருக்கையில் பாப்பா பால் கேட்டு அழுவதும்தான் தெரிந்தன. நான் அப்படித்தான். மகிழ்ச்சியான செய்தி வந்தால் அது எந்த இடத்தில் உடையும் என்று முதலில் தட்டிப் பார்ப்பேன்.

அதனால் அனுபவசாலியைக் கேட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணுக்குக் கோபம் வருமா என்று பெண்ணைப் பெற்றவளிடமே கேட்டது போல ஆகிவிட்டது.

"வருசா வருசம் போவோம் கண்ணு, பெரியப்பாவும் நானும் பசங்களும்" என்று பெரியம்மா கீரை ஆய்ந்தபடி ஆரம்பிப்பார். வருடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை. பின்பக்கம் குக்கர், அரிசி, ஒரு சின்ன அடுப்பு, ஊறுகாய் பாட்டில். ஆஸ்திரியா வழியாக இத்தாலி. ஒரு வருடம் ஸ்பெயின். இன்னொரு வருடம் குரோஷியாவில் கடற்கரை. லாரிகள் நிற்கும் ஓய்விடத்தில் துண்டை விரித்துத் தயிர்சாதம். ஐரோப்பாவைப் பற்றி நான் படித்த எதிலும் ஊறுகாய் வாசம் இல்லை. பெரியம்மா சொல்லும் ஐரோப்பாவில் அதுதான் முதலில் வரும்.

"மலை ஏறும்போது ரேடியேட்டர்ல இருந்து பொகை பொகையா வந்துச்சு பாரு" என்பார் பெரியம்மா.

"பொகையில்ல சாமி. அது பெருமூச்சு" என்பார் பெரியப்பா. "அம்புட்டு அழகான மலை. நாம எறங்கிப் பாக்காம வெசையாப் போயிட்டே இருந்தா வண்டிக்கு மனசு கேக்குமா? நின்னு பாருங்கடான்னு நிறுத்துச்சு."

"ஸ்பெயின்ல ஏசி போயிருச்சு. வெளியில அடுப்பாட்டம் கொதிக்குது."

"வெயிலைப் பாக்கத்தானே அம்புட்டுத் தூரம் போனது? கண்ணாடியை ஏத்தி வெச்சுக்கிட்டு உக்காந்தா?"

"கப்பல்ல ஏத்தற வரிசையில பேட்டரி செத்துப்போயி, பின்னால நின்ன வெள்ளைக்காரங்க நாலு பேரு தள்ளி உட்டாங்க."

"அதுக்குக் கப்பல்னா பயம். நம்ம பாப்பா ஊஞ்சலுக்குப் பயப்படலையா?"

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முத்திரை வாக்கியமும் உண்டு: "வண்டி காரணமில்லாம நிக்காது." ஒரு தடவை நான் பொறுக்க முடியாமல், "அப்போ ரிப்பேரே ஆனதில்லைங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. யாரோ ஒருவருடைய நடத்தையைப் பற்றித் தப்பாகக் கேட்டுவிட்டதைப் போல எனக்கே கூச்சமாகிவிட்டது. அன்று ராத்திரி அதற்காக மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். யாரிடம் கேட்பது, அவரிடமா காரிடமா என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

"ஒதவிக்கு யாரும் வரமாட்டாங்களா பெரியப்பா, அந்த மாதிரி எடத்துல?"

"ஏன் வராம? ஐரோப்பாவுல நல்ல மனுசங்க சாஸ்தி. நாம வண்டியை ஓரமா நிறுத்தி இளநி குடிக்கற நேரங்கூட ஆகாது. யாராவது ஒருத்தரு, கைநிறைய சாமானோட, வேன்ல தற்செயலா வந்துருவாரு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

பெரியம்மா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். அங்கே அவர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தற்செயலாம் தற்செயல். ரோட்டோரத்துல தூணு நட்டு அதுல போன் வெச்சிருப்பாங்க கண்ணு. வண்டி நின்னதும் இவரு பேனெட்டைத் தூக்கிட்டு அதுகூடப் பேச ஆரம்பிச்சிருவாரு. நான், 'சின்னவனுக்கு ஒண்ணுக்கு வருதாம், கூட்டிட்டுப் போறேன்'னுட்டு நடந்து போயி, அந்தத் தூணுல சொல்லிட்டு வந்துருவேன். நின்ன வண்டிக்கு ஒதவ வர்றதுக்குன்னு இருக்கற சங்கத்துல வருசா வருசம் சேந்துக்குவேன். இவருகிட்டச் சொன்னதில்ல."

"தெரிஞ்சா கோவிச்சுக்குவாரா?"

"வண்டியை நம்பலைன்னு ஆயிருமில்ல? சின்னவனுக்குத்தான் பாவம். வரலைன்னாலும் வருதுன்னு சொல்லோணும்."

அந்தக் குடும்பத்தில் வண்டிக்குப் பெரியப்பா பொறுப்பு, வண்டியால் வரும் எல்லாவற்றுக்கும் பெரியம்மா பொறுப்பு என்று எனக்கு அன்று புரிந்தது. 

முதன்முதலாக இத்தாலிக்குக் கிளம்பிய கதையை மட்டும் இருவரும் சண்டையில்லாமல் சொல்வார்கள். புது வண்டி அல்ல, ஆனால் அவர்களுக்குப் புதிது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் கிடைத்துவிட்டது. திருஷ்டி சுற்றி உடைக்கப் பூசணிக்காய்தான் கிடைக்கவில்லை. பெரியப்பா யோசித்து ஒரு தர்பூசணி வாங்கிவந்தார். அதில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினார். சுற்றி, வீட்டு வாசலில் தார்ரோட்டில் ஓங்கி உடைத்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த அம்மாள் பார்த்தது, ரோடு முழுக்கச் சிவப்பு, பக்கத்தில் கார், காரைச் சுற்றித் தமிழில் கத்திக்கொண்டு ஒரு குடும்பம். போலீஸ் வந்துவிட்டது.

"அந்தப் போலீஸ்காரரு குனிஞ்சு ஒரு வெதையை எடுத்துப் பாத்தாரு சாமி" என்பார் பெரியப்பா. "அப்பறம் எதுக்குன்னு கேட்டாரு. வழியில ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுட்டு, அப்படின்னேன். வேலை செய்யுமான்னாரு. போயிட்டு வந்து சொல்றேன்னேன்."

"சொன்னீங்களா?"

"கூட்டிப் பெருக்கிக் கழுவி உட்டுட்டுக் கெளம்பச் சாயங்காலம் ஆயிருச்சு. அந்தப் பயணத்துல தாமதம்னா அது ஒண்ணுதான். அதுவும் வண்டியால இல்ல, தர்பூசணியால."

ஊர் திரும்பிய பிறகு, ஜெர்மனியில் ஓட்டிய அதே வகைக் காரைத் தேடிப்பிடித்து சேலத்தில் பழையதாக வாங்கியிருந்தார். அதற்கு உதிரிபாகம் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், சில சமயம் வராது. மாதத்தில் பாதி நாள் வேப்பமரத்தடியில் ஓய்வெடுக்கும். காலையில் தினமும் துடைப்பார். நின்றிருந்தாலும் முகம் கழுவ வேண்டாமா என்பார்.

பயணத்துக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் மொத்தமாக வாங்கலாம் என்று ஒருநாள் அந்தக் காரில்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. பாப்பாவுக்கு மூன்று மாற்றுத்துணி, வெந்நீர்க் குடுவை, காய்ச்சல் மருந்து, வெப்பமானி என்று என் பை பாதி இருக்கையை அடைத்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லது கண்ணு, இந்த வண்டிக்கு ஏத்த பொண்ணு நீ" என்றார்.

மளிகை மண்டிகளுக்கு நடுவில், ஒரு மினிலாரி போனாலே சுவர் உரசும் சந்தில், கார் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் டெம்போ, அதற்குப் பின்னால் எது என்று தெரியாத ஹாரன். ஆட்டோக்காரர் எட்டிப்பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?"

"நிக்கலீங்க. நிறுத்தியிருக்கறேன்."

"நடுச்சந்துலயா? அப்ப எடுங்க."

"எடுக்கலாமுங்க. அதுக்கும் மனசு வரோணுமில்ல."

"யாருக்கு?"

பெரியப்பா ஸ்டியரிங்கைத் தடவிக் காட்டினார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்தேன். கடைசியில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். வண்டி உருண்டு போய் நின்ற இடம், நாங்கள் போக வேண்டிய மிளகாய் மண்டியின் வாசல். பெரியப்பா கீழே இறங்கி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் கணவருடைய காரையும் அவர் விடவில்லை. வீடியோவில் கூப்பிட்டால், பாப்பாவைக் காட்டிய பிறகு போன் அவர் கைக்குப் போய்விடும். "மாப்ள, பேனெட்டைத் தெறந்து போனைக் கிட்ட வையுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு அந்த உறுமலைக் கேட்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன சொல்வார்? பெல்ட் தளர்ந்திருக்கிறதா? எண்ணெய் கசிகிறதா?

"நல்ல மனசுள்ள வண்டி" என்று தீர்ப்புச் சொல்வார்.

"பிரேக் எப்படிங்க பெரியப்பா?" என்பேன்.

"மனசு நல்லாருந்தா பிரேக் புடிக்காமப் போயிருமா?"

பிறகு என் கணவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்: 'விமான நிலையத்துக்குத் தயவுசெய்து டாக்ஸி வை.'

ஆனால் விமான நிலையம் வரை போவதே பெரும்பாடாக இருந்தது. என் மாமனாரும் மாமியாரும் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள். நல்லவர்கள். மாமியாருக்குப் பேத்தியைக் குளிர்தேசத்துக்கு அனுப்ப மனமில்லை, அவ்வளவுதான். அதை அவர் நேராகச் சொல்லமாட்டார். சகுனம் சொல்லும். முதல்முறை நாங்கள் கிளம்பிய அன்று, அவர்கள் வீட்டு வாசலிலேயே பெட்டியின் கைப்பிடி அறுந்து விழுந்தது. "தடங்கலாயிருச்சே அம்முணி. ஒரு மாசம் கழிச்சுப் போலாமே" என்றார். மாமனார் தரையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பயணச்சீட்டை ரத்து செய்தோம். ஒரு மாதம் அரை வருடமானது. பாப்பா குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் எழுந்து நின்றதையும் அவள் அப்பா போனில்தான் பார்த்தார். நடக்க ஆரம்பித்த அன்று போனை நான் சரியாகப் பிடிக்கவில்லை. அவருக்கு வெறும் பாதங்கள்தான் தெரிந்தனவாம். 'பாதம் போதும்' என்றார்.

மறுபடி ஒரு தடங்கல் வந்தால் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் தலையாட்டுவேன் என்றும் தெரியும். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

இரண்டாவது முறை நாள் குறித்ததும் பெரியப்பா, "டாக்ஸியா? நம்ம ஊட்ல வண்டியிருக்கும்போதா?" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பயண நாளன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, காலை வெயிலில் கிளம்பினோம். குமாரபாளையத்தில் மதியச் சாப்பாடு, பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு, பிறகு நேராகக் கோயம்புத்தூர் என்று திட்டம். விமானம் சாயங்காலம். திருச்செங்கோட்டைத் தாண்டும்வரை நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றபோது, இந்த வண்டியையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கைப்பிடி அறுந்துவிடுமோ என்று பெட்டியைப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கிளம்பிவிட்டோம்.

புறவழிச்சாலையில் ஏறி, காவேரிப் பாலம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. செவ்வாய்ப்பேட்டையில் குலுங்கிய அதே குலுங்கல். ஓரமாக உருண்டு, நின்றது.

லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. பெரியப்பா இறங்கிப் பேனெட்டைத் தூக்கினார். அவர் உதடு அசைவது தெரிந்தது. பெரியம்மா என் மடியிலிருந்து பாப்பாவை எடுத்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வருதாட்டம் இருக்குது. அந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

"டயப்பர் போட்டிருக்கேனுங்க பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் போனோடு, அவர் புளியமரத்துப் பக்கம் நடந்துபோனார். 

யாராவது வருவார்கள் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. அது நிலைக்கவில்லை. எதிர்த்திசையில் ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. எங்களைத் தொடர்ந்து வந்து, தெரியாமல் தாண்டிப் போய், பிறகு பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஓட்டியவர் என் மாமனார். பின்னால் மாமியார், மடியில் ஒரு பொட்டலம். பருப்புப்பொடி. நான் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய பையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்த நான், அதை மட்டும் மறந்திருக்கிறேன்.

மாமியார் இறங்கினார். திறந்த பேனெட்டைப் பார்த்தார். பெரியப்பாவின் கறுப்பான விரல்களைப் பார்த்தார்.

"ஊட்ட உட்டு எறங்கி சித்த நேரங்கூட ஆகலையே" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டம். "மறுபடியும் தடங்கலா? வேண்டாம்னு சொல்லுது அம்முணி. கொழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்கு?"

மாமனார் தரையைப் பார்த்தார். என் தலை தானாக ஆடத் தயாராவதை நான் உணர்ந்தேன்.

மாமியார் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். அவர் மேல் இவருக்கு எப்போதுமே மரியாதை. நாடெல்லாம் வண்டி ஓட்டியவர் என்று. "நீங்களே சொல்லுவீங்களே அண்ணா, வண்டி காரணமில்லாம நிக்காதுன்னு. இப்ப எதுக்கு நின்னுச்சு, நீங்களே சொல்லுங்க."

மலையைப் பார்க்க நிறுத்தியது, வெயிலுக்காக ஏசியை அணைத்தது, கப்பலுக்குப் பயந்தது. இத்தனை வருடக் காரணங்களும் அவர் நாக்கின் நுனியில் வரிசையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. 'வண்டிக்கு மனசில்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பெட்டியோடு திரும்பிப் போய்விடுவேன்.

பெரியப்பா துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். காரை ஒருமுறை பார்த்தார். பிறகு, அவர் வழக்கத்தைவிடச் சத்தமாக, லாரி இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னார்.

"கெட்டுப்போச்சுங்கம்மா."

"என்னங்ணா?"

"வண்டி கெட்டுப்போச்சு. பெட்ரோல் பம்பு வேலை செய்யல. சகுனமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பழைய வண்டி. அயோத்தியாப்பட்டணத்துல நின்னிருக்குது, செவ்வாய்ப்பேட்டையில நின்னிருக்குது, இதுக்கு முந்துனது ஆஸ்திரியாவுல மலை உச்சியில நின்னிருக்குது. போற எடமெல்லாம் நிக்கும். காரணமெல்லாம் நானாச் சொன்னது. தப்பு வண்டி மேல. இந்தப் புள்ளை போற வழி மேல இல்ல."

பாப்பாவோடு திரும்பி வந்துகொண்டிருந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். 

மாமியார் பொட்டலத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். எதிர்த்துச் சொல்ல அவருக்கு வார்த்தை இருந்தது. ஆனால் அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்து ஓரம் கட்டியது. திருச்செங்கோட்டில் டாக்ஸி ஓட்டும் பெரியம்மாவின் தம்பி. காலையிலிருந்தே, எங்கள் கண்ணில் படாத தூரத்தில், டீக்கடை டீக்கடையாக நின்று நின்று பின்னாலேயே வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னுங்க மாமா, இங்க நிக்கறீங்க?" என்று இறங்கினார். நடிப்பு கொஞ்சமும் வரவில்லை.

"தற்செயலா வந்தியாடா?" என்றார் பெரியம்மா.

"ஆமாங்க்கா. தற்செயலாத்தான்."

பெரியப்பா மச்சானைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "ஐரோப்பாவுலயும் இப்படித்தானுங்க, தற்செயலா யாராவது வந்துருவாங்க" என்று என் மாமியாரிடம் சொன்னார். சொல்லும்போது பெரியம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தூண், அந்தச் சங்கம், வராத ஒண்ணுக்கு என்று எல்லாமே இவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்ததோ என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. இன்றுவரை தீரவில்லை.

மாமியார் வெள்ளைக் காரை முன்னும் பின்னும் பார்த்தார். "தேடாம வண்டி வந்து நிக்குதே" என்றார், பாதி தனக்குள். பிறகு பருப்புப்பொடியை என் கையில் வைத்து அழுத்தினார். "நெய் ஊத்திப் பெசைஞ்சு குடு. அப்பத்தான் உள்ள போகும்." பாப்பாவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. நானும் தலையாட்டவில்லை.

பெட்டிகளை மாற்றினோம். பெரியம்மா எங்களோடு விமான நிலையம்வரை வந்தார். பெரியப்பா வரவில்லை. வண்டியைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது? டாக்ஸி பாலத்தில் ஏறும்போது பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். மாமனாரும் மாமியாரும் மொபெட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா காருக்கு முன்னால் குனிந்து, முகப்பு விளக்குப் பக்கம் வாயை வைத்து, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கை பேனெட்டின் மேல் இருந்தது.

"என்ன பண்றாருங்க பெரியம்மா?"

பெரியம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. "வேறென்ன, மன்னிப்புக் கேட்டுட்டிருப்பாரு. திரும்பிப் போற வழியில சூடம் வாங்கிட்டுப் போகோணும்."

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வீட்டை விற்றுவிட்டு மூத்த மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். அந்தக் கார் என்னவானது என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கணவரின் காரில் இத்தாலிக்குப் போனோம். சுரங்கப்பாதையில் நிற்கவில்லை. சுரங்கம் முடிந்து, வெளிச்சத்துக்கு வந்து, ஏரி தெரியும் இடத்தில் நின்றது. என் கணவர் டயரை எட்டி உதைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், காதுக்குள் சொன்னேன், திட்டுவதென்றால் இங்கே வந்து திட்டுங்கள் என்று.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, ஜெர்மனியில் இறங்கிய மறுநாள் பேசிய போன். பாப்பா அவள் அப்பாவின் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் பெரியப்பாவைக் கூப்பிட்டு, நல்லபடியாகச் சேர்ந்துவிட்டோம் என்று சொன்னேன். நன்றி சொல்ல நினைத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வேறு எதையோ கேட்டேன்.

"வண்டி சரியாயிருச்சுங்களா பெரியப்பா?"

மறுமுனையில் அவர் எழுந்து உள் அறைக்கு நடந்து போவதும், கதவைச் சாத்துவதும் கேட்டது.

"ஸ்டார்ட் ஆகுது சாமி" என்றார், மிக மெல்லிய குரலில். "என்கூடப் பேசத்தான் மாட்டேங்குது."